வெயில் காலத்து ஏசி இரைச்சலும் சத்துவாச்சாரியின் ஒரு சிறு சர்வீஸ் கடையும்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் எங்கள் வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட் இரைச்சலிடத் தொடங்கியது. இன்வெர்ட்டர் வகையல்லாத, எட்டு ஆண்டுகள் ஓடிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி அது. பிற்பகலில் தகரத்தை உலுக்குவதுபோல் அதிரும். இரவில் அந்த அதிர்வு சற்றுத் தணிந்தாலும் ஒரு கிறீச்சொலி விடியும்வரை நீடிக்கும். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்த என் மாமனார் அந்த அறையில்தான் உறங்குகிறார் என்பதால், பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போட எங்களால் இயலவில்லை.

தொலைபேசியில் பதிவு செய்தபின் முதலில் வந்த ஒரு நிறுவனத்தின் பணியாளர், இயந்திரத்தை இரண்டு நிமிடம்கூட ஓடவிட்டுக் கேட்காமல், குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 14,000 ரூபாய் ஆகும், கேஸும் நிரப்ப வேண்டும் என்றார். அறை நன்றாகவே குளிர்ந்துகொண்டிருந்ததால் அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதன்பின் அழைத்தது, வேலூர் சத்துவாச்சாரியில் இருவர் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறு கடையை. வந்த மெக்கானிக் பையைத் திறப்பதற்கு முன்பே, ஏசியைப் போட்டவுடன் சத்தம் வருகிறதா, சிறிது நேரம் கழித்து வருகிறதா, குளிர்ச்சி குறைந்திருக்கிறதா என்று கேட்டார். பிறகு ரிமோட்டில் ஃபேன் மட்டும் ஓடும்படி வைத்தார். சத்தம் இல்லை, ஆகவே உள்ளிருக்கும் புளோயரில் குறையில்லை. கூல் நிலைக்கு மாற்றிச் சுமார் மூன்று நிமிடத்தில் கம்ப்ரசர் எடுத்ததும் பால்கனியில் அதிர்வு தொடங்கியது. யூனிட்டின் மேல்தகட்டை உள்ளங்கையால் அழுத்தினார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி 7.2 ஆம்பியர் ஓடுவதைக் காட்டி, தகட்டில் அச்சிட்டிருந்த அளவுக்குள்தான் அது இருக்கிறது என்பதை என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளிழுக்கும் காற்று 31 டிகிரியாகவும் வெளிவரும் காற்று 18 டிகிரியாகவும் இருந்தன. "கம்ப்ரசர் நல்லா இருக்கும்மா, அதுக்கு அடியில இருக்கிற ரப்பர்தான் கல்லாயிடுச்சு" என்றார்.

கிறீச்சொலிக்குக் காரணம் வேறு. மெயின் சுவிட்சை அணைத்து, விசிறி முற்றிலும் நின்றபின் அதன் இலையைக் கையால் மெல்லச் சுழற்றியபோது மணல் அரைபடுவதுபோன்ற உராய்வு எனக்கே கேட்டது. தண்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. ஃபேன் மோட்டாரின் பேரிங் தேய்ந்திருந்தது. குளிர்காலத்தில் கேட்காத சத்தம் மே மாதத்தில் மட்டும் ஏன் என்று கேட்டேன். வெளிக்காற்றே கொதிக்கும்போது, அவுட்டோர் யூனிட்டில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்ச் சுருளான காயில் (coil) தன் வெப்பத்தை எளிதில் இறக்கிவைக்க முடியாது. உள்ளே அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் கூடுதல் பாரத்தோடு உழைக்கிறது. இறுகிப்போன ரப்பரால் அந்த அதிர்வைத் தாங்க முடியாமல் அது தகட்டுக்கும் சுவருக்கும் கடந்துபோகிறது என்று பொறுமையாக விளக்கினார். எங்கள் யூனிட் மேற்குச் சுவரில், மாலை வெயில் நேராக அடிக்கும் இடத்தில் இருக்கிறது. காயிலிலும் தூசி அப்பியிருந்தது.

செம்புக் குழாய்களுக்கு நோவு வராமல் கம்ப்ரசரைச் சிறிதே தூக்கி ரப்பர்களை மாற்றியதும், ஒன்றோடொன்று உரசிய இரு குழாய்களுக்கு இடையே ரப்பர் துண்டு வைத்துக் கட்டியதும் நான் எதிர்பாராத கவனம். மோட்டார் 2,600, ரப்பர்கள் 350, தண்ணீர் அடித்துக் காயிலைக் கழுவியது உட்படக் கூலி 800 என மொத்தம் 3,750 ரூபாய் ஆயிற்று. கேஸ் நிரப்பவா என்று நானே கேட்டபோதும், மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் கசிவு இல்லாமல் குறையாது என்று மறுத்துவிட்டார். இந்த நேர்மைக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளும் உண்டு. காலையில் வருவதாகச் சொன்னவர் மாலை நான்கு மணிக்குத்தான் வந்தார். நோயாளி இருக்கும் வீட்டில் அது சிறிய தாமதமன்று. போட்ட மோட்டார் எங்கள் ஏசி நிறுவனத்தின் அசல் பாகமன்று, பொதுவான வகை. இதை நான் கேட்டபின்பே சொன்னார். கைப்பட எழுதிய பில்லிலும் உத்தரவாதம் பற்றி எதுவும் இல்லை. வற்புறுத்தியபின் ஆறு மாதம் என்று எழுதிக் கையொப்பமிட்டார். அழைப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே இவ்விரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். கத்திரி நாட்களில் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவைப்பதும் அவசியம்.