ஒன்பதடிக் கோலும் டிரவுட் வகைகளும்: ஏழு வருட அனுபவம்

செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கும் இந்தத் தூண்டில் கோலை வாங்கியபோது எனக்குச் சொல்லப்பட்டது ஒரே வரி: "டிரவுட்டுக்கு இது ஒன்றே போதும்." ஒன்பது அடி நீளம், ஐந்தாம் எண், நான்கு துண்டாகக் கழற்றி மாட்டும் கார்பன் கோல். ஏழு வருடம் கழித்துச் சொல்கிறேன், அந்த வரி பாதிதான் உண்மை. டிரவுட் என்று ஒரே மீன் இருப்பதுபோல் நினைத்துச் சொன்ன வரி அது.

ஐந்தாம் எண் என்பது கோலின் எடை இல்லை. அந்தக் கோல் வீசக்கூடிய நரம்பின், அதாவது தூண்டில் கயிற்றின், கனக் கணக்கு: முதல் 30 அடி சுமார் 9 கிராம். பூச்சி மாதிரி முள்ளில் கட்டிய செயற்கை ஈக்கு எடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, நரம்பின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஈயம் கட்டி வீசிப் பழகிய என் கைக்கு இது பிடிபட ஒரு பருவம் முழுசாகப் போனது. பின்பக்கம் போன நரம்பு நீள்வதற்குள் முன்னே இழுத்துவிடுவேன், அது சாட்டை மாதிரி சொடுக்கும், ஈ அறுந்து எங்கோ போயிருக்கும்.

ரெயின்போ டிரவுட்டுக்கு இந்தக் கோல் அளவெடுத்துத் தைத்த சட்டை. உடலில் இளஞ்சிவப்புப் பட்டையும் வால்வரை கரும்புள்ளியும் உள்ள இந்த மீன், திறந்த, வேகமான ஓட்டத்திலேயே துணிந்து நின்று இரை எடுக்கும். முள் மாட்டியதும் தண்ணீரை விட்டு எகிறும். கோலின் நடுப்பகுதி வளைந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால், ஈயைக் கட்டும் 0.15 மில்லிமீட்டர் முன்னிழைகூட அறுவதில்லை. மீன் மேலே எழும்பும் நொடியில் கோல் நுனியைத் தாழ்த்திக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ரீலின் பிரேக்குக்கு நிஜமான வேலை கொடுத்ததும் ரெயின்போ மட்டுமே.

ப்ரவுன் டிரவுட் வேறு ஜாதி. நீர் அரித்துக் குடைந்த கரையின் அடியில், விழுந்த மரத்தின் நிழலில், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கும். பெரிதாக வளர்ந்தவை பூச்சியைவிடச் சிறுமீன்களையே அதிகம் தேடும், அதுவும் இருட்டிய பிறகு. பகலில் ஈயை எடுத்தாலும் மூக்கு நுனி மட்டும் மேலே வரும், மழைத்துளி விழுந்த அளவுக்கு ஒரு வளையம். முதல் இரண்டு வருடம் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்து விட்டுவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோலின் பெரிய குறையைக் காட்டிக்கொடுத்ததும் ப்ரவுன்தான். மேலே பூசியிருக்கும் பளபளப்பு வார்னிஷ். நீருக்குள்ளிருந்து மீன் வெளியுலகைப் பார்ப்பது தலைக்கு மேலே ஒரு வட்டத்தின் வழியாக, சுமார் 97 பாகைக் கூம்பு. அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் அதற்குக் கண்ணாடி மாதிரி. அதனால் கரையில் குனிந்து, தள்ளி இருந்தால் நாம் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கித் தெரிவோம். ஆனால் தலைக்கு மேலே ஒன்பதடி உயரத்தில் வெயிலில் மின்னும் கோலை என்ன செய்வது? இரண்டு நல்ல மீன்கள் நரம்பு விழுமுன்பே ஓடிய பிறகு, கோலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து வீசக் கற்றேன். அப்புறம் மிக மெல்லிய உப்புத்தாளால் நுனித்துண்டை மட்டும் தேய்த்து மினுமினுப்பைக் குறைத்தேன். உத்தரவாதம் போயிருக்கும், மீன் நின்றது.

ப்ரூக் டிரவுட் உண்மையில் டிரவுட் இல்லை, அதற்கு உறவான சார் (char) என்ற மீன் வகையைச் சேர்ந்தது. கருத்த உடலில் வெளிர்ப் புள்ளிகள், முதுகில் புழு நெளிந்த மாதிரி கோடுகள், கீழ்த் துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பால் வரைந்தது போல் வெள்ளைக் கீற்று. குளிர்ந்த ஊற்றுநீர் வரும் சின்ன ஓடைகள்தான் அதற்குப் பிடித்தமானவை. பசித்திருந்தால் எதை வீசினாலும் பாயும், அவ்வளவு வெகுளி. அங்கே இந்தக் கோல் சுத்தமாக உதவாது. கிளைகள் கவிந்த ஓடையில் ஒன்பதடியை ஆட்ட இடமேது? சாண் நீள மீனுக்குக் கோல் வளையவும் வளையாது. ஏழடியில் மூன்றாம் எண் கோல் ஒன்று தனியாக வாங்க வேண்டியதாயிற்று.

கட்த்ரோட் டிரவுட்டை இரண்டே தடவைதான் பிடித்திருக்கிறேன். தாடைக்கு அடியில் சிவப்புக் கீறல் உள்ள மீன். அது சாவகாசமாக மேலே வந்து ஈயை வாயில் வாங்கும். ரெயின்போவுக்குப் பழகிய கை உடனே சுண்டியதில் தவறவிட்டவை இரண்டுக்கும் மேல்.

கோலோடு வாங்கியவற்றில் நான் பொருட்படுத்தாமல் பையில் போட்டது ஒரு சிறிய வெப்பமானி. இப்போது முதலில் நனைவது அதுதான். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் என்றால் மீன் நன்றாக மேயும். 20 டிகிரியைத் தொட்டால் கோலைக் கழற்றிவிடுவேன். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், போராடிக் களைத்த மீனை விட்டாலும் பிழைப்பது கடினம். ப்ரூக் இதில் முதலில் தவிக்கும், ப்ரவுன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

உழைப்பு எப்படி? கோலில் நரம்பு ஓடும் வளையங்கள் தேயவில்லை. தக்கைக் கைப்பிடியில் சில பொத்தல்கள், ரம்பத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். மூன்றாம் வருடம் இணைப்புகள் தளர்ந்து, வீசும்போதே நுனி திரும்பிக்கொண்டது, மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்ததும் சரியானது. மிதக்கும் நரம்பு மட்டும் இரண்டு வருடத்தில் வெடித்து மூழ்கத் தொடங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் மிதமான சோப்பு நீரில் துடைத்து வைக்கிறேன். இப்போதுள்ளது நான்காவது வருடமாக மிதக்கிறது.

நுனித்துண்டு ஒருமுறை முறிந்தது. மீனால் அல்ல, காரின் கதவால். மாற்றுத்துண்டு வந்தபோது அதுவும் அதே பளபளப்பில் இருந்தது. மறுபடி உப்புத்தாளை எடுத்தேன்.