பார்மசியில் இலவசமாகக் கிடைக்கும் நலோக்சோன் பை: கட்டாயம் வாங்கி வையுங்கள்

ஸ்காபரோவில் வீட்டுக்குப் பக்கத்துப் பார்மசியில் போன மாதம் ஒரு நலோக்சோன் பை வாங்கினேன். ஓபியாய்டு (மோர்ஃபின், ஹெரோயின் வகை வலிநீக்கி, போதைமருந்துகள்) அளவு கூடி மூச்சு அடங்கும் ஆளை மீட்க மூக்கில் அடிக்கிற மருந்து அது. காசு இல்லை, மருத்துவரின் துண்டு வேண்டாம், ஹெல்த் கார்டு கூடக் கேட்கவில்லை. ஒன்ராறியோவில் 2016-இலிருந்தே பார்மசிகளில் இது இலவசம், ஆனால் நம் ஆட்களிடம் சொன்னால் "எங்கள் வீட்டில் போதைமருந்து எடுப்பவர் யாரும் இல்லையே" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒக்சிகோடோன் மாத்திரை கொடுத்து அனுப்பும்வரை. அதுவும் ஓபியாய்டுதான், அளவு கூடினால் மூச்சை அடக்கிவிடும்.

முதலில் போன கடையில் "யாருக்கு?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்கள். வெட்கத்தில் வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் ஒரு தமிழ்ப் பிள்ளை, ஓரமாகக் கூட்டிப்போய் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சொல்லித் தந்தார். "அக்கா, வேலை செய்யுதோ என்று அழுத்திப் பார்க்காதீங்கோ, ஒரு தரம்தான் வரும்."

உள்ளே 4 மில்லிகிராம் நார்கான் (நலோக்சோனின் வணிகப் பெயர்) மூக்கு ஸ்ப்ரே இரண்டு, கையுறை, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க ஒரு மறைப்பு. ஆளைத் தட்டி எழுப்பியும் அசைவில்லை, உதடு நீலம், குறட்டை மாதிரி ஒரு சத்தம் என்றால் உடனே 911. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஸ்ப்ரேயின் முனையை மூக்குக்குள் விட்டுப் பெருவிரலால் ஒரே அழுத்து. இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்ததை மற்ற மூக்குத் துவாரத்தில். மயக்கத்துக்கு வேறு காரணமாக இருந்தாலும் இதனால் கெடுதல் வராது. ஆனால் நலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான், ஃபென்டனில் என்ற கடும் ஓபியாய்டு அதற்குப் பிறகும் உடம்பில் நிற்கலாம், அதனால் ஆள் எழும்பிவிட்டாலும் ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும். பொலிஸ் வருமே என்று பயப்பட வேண்டாம், கையில் கொஞ்சம் போதைமருந்து வைத்திருந்ததற்காக அங்கிருப்பவர்கள்மேல் வழக்குப் போட முடியாது என்று 2017-இலேயே கனடாவில் சட்டம் வந்துவிட்டது.

குறை இரண்டு. குளிர்காலத்தில் காரில் விட்டால் மருந்து உறைந்துவிடும். எனக்குத் தந்த பையில் விளக்க அட்டை ஆங்கிலமும் பிரெஞ்சும்தான், அப்பாவுக்காக நானே தமிழில் எழுதி உள்ளே வைத்தேன்.

இன்னொன்று. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் இந்தப் பைக்குப் பயன், தனியாகப் போதைமருந்து எடுப்பவருக்கு யார் ஸ்ப்ரே அடிப்பது? வன்கூவரில் 2003-இலிருந்து இருக்கிற, தாதியர் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் தங்கள் போதைமருந்தை எடுக்கும் இன்சைட் மையம் அதற்காகத்தான் வந்தது. இங்கேயோ, பள்ளிக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் 200 மீட்டருக்குள் இருக்கின்றன என்று இப்படியான 10 மையங்களை மூட மாகாண அரசு 2024-இல் முடிவெடுத்தது. சரி, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பயம் புரியும். அப்படியென்றால் தள்ளி வேறு இடத்தில் திறந்திருக்க வேண்டும். இலவசமாகப் பையைக் கொடுத்துவிட்டு அதை அடிக்க ஆள் இருந்த இடத்தை மூடுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்கவில்லை.

பை இப்போது அம்மாவின் கட்டில் பக்கத்து மேசையில், காலாவதித் தேதி கலண்டரில். மகன் செப்டெம்பரில் கல்லூரி விடுதிக்குப் போகிறான், அவனுக்கும் ஒன்று எடுக்கப் போகிறேன்.