ஸ்கேனர் என்று சொல்லி வாக்கி-டாக்கியைத் தலையில் கட்டினார்கள்: 18,500 ரூபாய் போச்சு

பல அலைவரிசைகளைத் தேடிப் பிடித்துக் கேட்கும் ரேடியோ, அதாவது ஸ்கேனர், என்று சொல்லி எனக்கு ஒரு செட்டை விற்ற கடையிலிருந்து இன்று மதியம்தான் திரும்பினேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 18,500 ரூபாய்.

எங்கள் வீடு சின்னியம்பாளையம் பக்கம். பீளமேடு விமான நிலையத்தில் விமானம் இறங்குவது மொட்டை மாடியிலிருந்தே தெரியும். பைலட் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று பையனுக்கு ரொம்ப நாள் ஆசை. கோவையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில், பைலட் பேச்சு வருகிற அலைவரிசையையும் முறையையும், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், ஏஎம் என்று தாளில் எழுதியே காட்டினேன். "எல்லாமே எடுக்குமுங்ணா, ஸ்கேனருங்க இது" என்றவர், செட்டை ஆன் செய்து 100.5 வைத்தார். கொடைக்கானல் எஃப்எம் கணீரென்று பாடியது. "கொடைக்கானலே எடுக்குது, பீளமேடு எடுக்காதுங்ளா?" அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். இதை வைத்திருக்க வயர்லெஸ் லைசென்ஸ் வேண்டுமா என்றும் கேட்டேன். "கேக்கறதுக்கு எதுக்குங்ணா லைசென்ஸு?" டீ வேறு வரவழைத்தார். செட், மாடி ஆன்டெனா, கார் மேல் ஒட்டும் காந்த ஆன்டெனா, கார் சார்ஜர் எல்லாம் சேர்த்து 18,500. பில் இல்லை, துண்டுச் சீட்டுதான்.

வீட்டில் 118 என்று அழுத்தினால் செட் ஏற்கவே இல்லை. பேட்டரியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஸ்டிக்கர், ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் பழைய எழுத்து: 136–174, 400–520. செட் எடுக்கிற மெகாஹெர்ட்ஸ் அவ்வளவுதான், 118 அதில் இல்லவே இல்லை. விமானப் பேச்சு ஏஎம்மில் வருவது. இது பாட்டு எஃப்எம்மையும் வாக்கி-டாக்கி எஃப்எம்மையும் மட்டும் எடுக்கிற செட். அதனால்தான் 100.5 வைத்துக் காட்டியிருக்கிறார். மாடி ஆன்டெனா கேபிளை மல்ட்டிமீட்டரில் வைத்தேன், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுக்கம்பி தொடர்பே இல்லை. பின்னைச் சால்டர் செய்யாமல் சும்மா செருகியிருந்தார்கள். கார் சார்ஜரைச் சொருகினால் எல்லா இடத்திலும் ஒரே கொர்ரென்ற சத்தம்.

முதல் நாள் போன் செய்தால் "ஓனர் திருப்பூர் போயிருக்காருங்க". அடுத்த நாள் "ஆன்டெனாவை இன்னும் ஒசரமா வையுங்க". அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. இன்று நேரில் போய், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். "போங்ணா. பேசற பட்டன் இருக்கற செட்டு, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குதுங்ளா?" என்றார். வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! இந்த மாதிரி செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வாங்கியவன் பயந்து வாய் மூடுவான் என்ற தைரியத்தில்தான் விற்கிறார்கள். என் 18,500-ஐவிட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கடையிலேயே 118-ஐ அழுத்திப் பாருங்கள், திரையில் ஏஎம் என்று வருகிறதா பாருங்கள். பேட்டரியைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள். பேசுகிற பட்டன் இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். போலீஸ் பேசுவதைக் கேட்கலாம் என்று ஆசை காட்டினால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள்.

நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யப் போகிறேன். லைசென்ஸ் கேள்வி வந்தால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுவேன்.