பழைய விமான இறக்கையில் விரிசல் தேட: ஆர்.டி.யா, டி.பி.யா, எட்டி கரண்ட்டா?

மணலி ஆலைகளின் பராமரிப்பு ஷட்டவுன்களிலும் எண்ணூர்ப் பக்கத்து ஃபவுண்டரிகளிலும் என்.டி.டி. (பொருளை உடைக்காமலே குறையைத் தேடும் சோதனை) வேலை பார்க்கும் தம்பிகள் பலருக்கு விமானத் துறைக்குப் போகும் ஆசை உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் குழாய் வெல்டில் ஆர்.டி. (கதிர் பாய்ச்சி எக்ஸ்ரே போலப் படமெடுப்பது) ஃபிலிம் மேல் வைத்த நம்பிக்கையை இறக்கையின் ஸ்பாருக்கு (இறக்கையின் சுமையைத் தாங்கும் நீண்ட உத்தரம்) எடுத்துப்போக வேண்டாம்.

வெல்டில் நாம் பெரும்பாலும் தேடுவது காற்றுக்குமிழும் கசடும். அவற்றுக்குப் பருமன் உண்டு, ஃபிலிமில் விழும். ஸ்பாரில் தேடுவது ஃபெடீக் விரிசல், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வருவது. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் ஸ்பாரின் கீழ்ப்பகுதி இழுபடும். அங்குள்ள போல்ட் துளையின் விளிம்பில்தான் பெரும்பாலும் விரிசல் தொடங்கும். வாய் மூடிய மயிரிழை அது. கதிர் அதன் தளத்தோடு நேராகப் போகாவிட்டால் ஃபிலிமில் ஒன்றுமே தெரியாது. காந்தப் பொடி தூவிப் பார்க்கும் எம்.பி.யும் உதவாது, அலுமினியம் காந்தத்துக்கு மசியாது.

மிஞ்சும் உண்மையான போட்டி, விரிசலுக்குள் சாயம் ஊறவிட்டுப் பார்க்கும் டி.பி.க்கும், உலோகத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டிப் பார்க்கும் எட்டி கரண்ட்டுக்கும்தான்.

டி.பி. மலிவு, கைக்குப் பழகியது. ஆனால் பெயின்ட், சீலன்ட் எல்லாவற்றையும் உரித்தாக வேண்டும். உரிக்கிறேன் என்று வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மெத்தென்ற அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயையே மூடிவிடும். அப்புறம் சாயம் எங்கே நுழையும்? குறுகிய துளைக்குள் டெவலப்பர் (ஊறிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சு) அடித்துப் பார்ப்பதும் லேசில்லை.

எட்டி கரண்ட்டில் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் சுழலும் ப்ரோபை (சோதனை முனை) விட வேண்டும். விரிசல் மின்னோட்டத்தைத் திசைதிருப்புவது திரையில் தெரியும். அதே உலோகத்தில் நுண்ணிய வெட்டுப் போட்ட மாதிரித் துண்டில் முதலில் கருவியைச் சரிபார்க்க வேண்டும். குறையும் உண்டு: ஆழத்தில் இருப்பதைக் காட்டாது, பக்கத்தில் ஸ்டீல் இருந்தால் குழப்பும். போல்ட்டைக் கழற்றும்போது துளையில் கீறல் விழுந்தால் அதுவே அடுத்த விரிசலுக்கு விதை. இத்தனைக்கும் பிறகு என் ஓட்டு எட்டி கரண்ட்டுக்கே.

காரணம் 2018 ஏப்ரல் 4. அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில் பயிற்சி விமானமான பைப்பர் பி.ஏ.-28 ஒன்றின் இடது இறக்கை கழன்று விழுந்து, இருவர் இறந்தார்கள். 2007-இல் செய்த விமானம், 7,690 மணி நேரம் பறந்தது. விரிசல் கீழ் ஸ்பாரின் போல்ட் துளையில். வலது இறக்கையிலும் அதே இடத்தில் ஏறக்குறைய 1.2 மி.மீ. ஆழத்துக்கு விரிசல் இருந்தது. இதற்குப் பிறகு 2021-இல் நடைமுறைக்கு வந்த எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) உத்தரவு கேட்டது அந்தத் துளைகளுக்கு எட்டி கரண்ட் சோதனையைத்தான்.

ஒலி அலை அனுப்பித் தேடும் யு.டி. தடித்த ஒற்றைப் பாகத்துக்கு நல்லது. தகடுகளை அடுக்கிய இடத்தில் ஒலி முதல் இடைவெளியிலேயே நின்றுவிடும்.

கண்ணால் பார்ப்பதை மட்டும் யாரும் இளப்பமாக நினைக்கக் கூடாது. 2005 டிசம்பரில் மயாமியில் இறக்கை முறிந்து 20 பேர் இறந்த சாக்ஸ் (Chalk's) விமான சேவை நிறுவனத்தின் கடல்விமானம் 1947-இல் செய்தது. அதன் இறக்கையில் எரிபொருள் கண்ணுக்குத் தெரியும்படி திரும்பத் திரும்பக் கசிந்திருந்தது. சீலன்ட் பூசினார்கள், உள்ளே விரிசல் வளர்ந்தது.

எந்த இடத்துக்கு எந்த முறை என்பதைத் தயாரிப்பாளரின் மேனுவல்தான் முடிவு செய்யும். ஆனாலும் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், துளைக்குள் விடும் ப்ரோபைக் கையில் கொடுத்துப் பழக்குவார்களா என்று கேட்டுவிடுங்கள்.