காக்ரேன் நூலகம்: குமரி மாவட்ட கிளினிக்குக்கு எவ்வளவு உதவும்?

தக்கலையிலோ கருங்கல்லிலோ தனியாக கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவருக்குப் புதுத் தகவல் வரும் வழி பெரும்பாலும் மருந்துக் கம்பெனி ரெப் வைத்துவிட்டுப் போகும் பளபள அட்டைதான். ஒரு சிகிச்சை பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டு எழுதும் ஆய்வுரைகளின் தொகுப்பான காக்ரேன் இணைய நூலகம் அதைவிடப் பல மடங்கு நம்பத் தகுந்தது. மருந்துக் கம்பெனிப் பணத்தில் அங்கே ஆய்வுரை எழுத முடியாது. சுருக்கங்கள் எல்லோருக்கும் இலவசம். வெளியாகி 12 மாதம் தாண்டிய பெரும்பாலான ஆய்வுரைகளை முழுசாகவே படிக்கலாம்.

தேடும்போது பிராண்ட் பெயர் உதவாது. மருந்தின் ஜெனரிக் பெயரையும் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்) நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் போடுங்கள். ஆய்வுரை திறந்ததும் நூறு பக்கத்தையும் புரட்ட வேண்டாம், நேரே முடிவுகள் அட்டவணைக்குப் போங்கள். 1000 பேருக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாக எத்தனை பேருக்குப் பலன், அந்தக் கணக்கு எவ்வளவு உறுதி (உயர், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு) என்று அதிலேயே இருக்கும். வெளியான ஆண்டைவிட, எந்தத் தேதி வரைக்கும் ஆய்வுகளைத் தேடினார்கள் என்பதுதான் முக்கியம்.

தொண்டைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் இல்லாமலே 100-இல் 82 பேருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது. கொடுத்தால் சராசரியாக 16 மணி நேரம் முன்னதாகத் தேறும். "ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்பவரிடம் சொல்லத் தோதான கணக்கு. ஆனால் அதே ஆய்வுரை, தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைக் கெடுக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலை ஆன்டிபயாடிக் வெகுவாகக் குறைப்பதாகவும் சொல்கிறது. நம் ஊரில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. காய்ச்சல், கழுத்தில் வலிக்கும் நெறி, டான்சிலில் வெள்ளைப்படலம் எல்லாம் இருந்து இருமல் மட்டும் இல்லாத பள்ளிப் பிள்ளைக்கு, 82 என்ற எண்ணைக் காட்டி மருந்தை நிறுத்தக் கூடாது.

குழந்தைகளின் சளி இருமலுக்குத் தேன் பற்றிய 2018 ஆய்வுரை மார்த்தாண்டம் தேன் விற்கும் ஊருக்கு ரொம்பப் பொருத்தம். 6 ஆய்வுகள், 899 குழந்தைகள். ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் நல்லது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருமல் சிரப்போடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று நாளுக்கு மேல் கொடுத்துப் பயனில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் துளிகூட வேண்டாம், பாட்டுலிசம் (தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கிருமி நச்சு நோய்) வரலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

காக்ரேன் சறுக்குவது எலிக்காய்ச்சல் மாதிரி நோய்களில். ஆன்டிபயாடிக்குக்கு ஆதாரம் போதவில்லை என்றே பதில் வரும். நல்ல ஆய்வுகள் நடக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள், மருந்து பலிக்காது என்றல்ல. தோட்டத்திலோ வயலிலோ வேலை செய்பவர் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணுமாக வந்தால், இதை நம்பி டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

டோஸ் கணக்கு, நம் பகுதிக் கிருமிகளின் மருந்து எதிர்ப்பு நிலவரம் இரண்டும் இங்கே கிடைக்காது, அவற்றுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சுருக்கங்களும் சில உண்டு, நடை கொஞ்சம் விறைப்பு. நோயாளியிடம் அப்படியே நீட்டாமல் வாயால் சொல்வதே மேல்.