முதலில் கட்டணக் குறைப்பா, எல்லோருக்கும் தடம் போட்ட வரைபடமா?

நகர ரயிலுக்கு வரி கேட்டு வாக்கெடுப்புக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வரி உடனே பிடிக்கத் தொடங்கிவிடும். ரயில் வர ஏழெட்டு வருடமாவது ஆகும். அதுவரை மக்கள் எதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்வார்கள்? அமெரிக்காவில் அட்லாண்டாவும் லாஸ் ஏஞ்சலஸும் இதற்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன.

அட்லாண்டாவில் 1968இல் முதல்முறை கேட்டபோது தோல்வி. பஸ்ஸை அதிகம் நம்பியிருந்த கறுப்பின மக்களைத் திட்டம் போட்டவர்கள் சரியாகக் கலந்து பேசவே இல்லை. அவர்களும் எதிர்த்து வாக்களித்தார்கள். தோற்ற பிறகுதான் பேச்சு நடந்தது. 1971இல் மறுபடி வந்தபோது திட்டமே மாறியிருந்தது. ஒரு சதவீத விற்பனை வரி, அதோடு 40 சென்ட்டாக இருந்த பஸ் கட்டணம் 15 சென்ட்டாகக் குறையும், ஏழு வருடம் அப்படியே இருக்கும் என்ற உறுதி. விற்பனை வரியின் சுமை ஏழைகளுக்குத்தான் அதிகம். அதற்கு ஈடாகத்தான் இந்தக் குறைப்பு. ஃபுல்டன் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) மிகச் சொற்ப வாக்குகளில் வென்றார்கள், டிகால்ப் கவுன்ட்டியும் சேர்ந்தது. 1972 மார்ச்சில் கட்டணம் குறைந்தது. ரயில் ஓடியது 1979இல்தான். நடுவே இருந்த அந்த ஏழு வருடமும் வரி கட்டியவர் தினமும் பஸ் ஏறும்போதே பலனைக் கையில் பார்த்தார். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் கார் வைத்திருப்பவருக்குப் பஸ் கட்டணம் குறைந்து என்ன ஆகப்போகிறது? கிளேட்டன், குவினெட் என்ற இரண்டு புறநகர் கவுன்ட்டிகள் மறுத்துவிட்டன. நகரத்துக் கறுப்பின மக்கள் தங்கள் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற வெள்ளையர்களின் பயமும் அதில் இருந்தது. அதைக் கட்டணம் கரைக்காது.

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிக்கு வேறு நெருக்கடி. 2008இல் 'மெஷர் ஆர்' என்ற அரை சதவீத விற்பனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ரயிலில் ஏறாதவரும் சம்மதித்தால்தான் உண்டு. அதனால் பணத்தைப் பிரித்தார்கள்: புதிய ரயில், விரைவு பஸ் தடங்களுக்கு 35 சதவீதம், நெடுஞ்சாலைக்கு 20, அந்தந்த ஊராட்சி தன் தெருக்களுக்குச் செலவழிக்க 15, மீதி பெரும்பாலும் பஸ், ரயிலை ஓட்டும் செலவுக்கு. எந்தப் பகுதிக்காரரும் வரைபடத்தில் தன் ஊருக்கு ஒன்றைக் காட்ட முடிந்தது. சுமார் 68 சதவீதம் கிடைத்தது. 2012இல் அதை நீட்டிக்கக் கேட்டபோது 66.1 சதவீதத்தில் நூலிழையில் தோற்று, 2016இல் புதிய திட்டத்தோடு 71 சதவீதம் வாங்கினார்கள். வாக்கு வாங்க இது பலமான வழி, சந்தேகமே இல்லை. அப்புறம் கட்டும்போதுதான் கஷ்டம்: எல்லோருக்கும் சொல்லியாயிற்று, அதனால் கூட்டம் அதிகமுள்ள தடத்தை மட்டும் முதலில் முடிப்போம் என்று ஒதுக்க முடியாது.

இதே ஊர் 1980இல் விற்பனை வரிக்கு நடந்த வாக்கெடுப்பில் இரண்டையும் சேர்த்தே கொடுத்திருந்தது. ரயில் வரைபடமும் உண்டு, 1982இலிருந்து மூன்று வருடத்துக்கு 50 சென்ட் பஸ் கட்டணமும் உண்டு. பயணிகள் எண்ணிக்கை நன்றாக ஏறியது. 1985இல் சலுகை முடிந்ததும் இறங்கியது. 1994இல் பஸ் கட்டணத்தை உயர்த்தப் போனபோது, ரயிலுக்காக எங்களைப் பிழிகிறீர்கள் என்று பஸ் பயணிகள் நீதிமன்றம் போனார்கள். 1998இல் அந்த விற்பனை வரிப் பணத்தைப் புதிய சுரங்க ரயிலுக்குச் செலவழிக்கவே கூடாது என்று வாக்காளர்கள் தடை போட்டார்கள்.

அதனால் என் ஓட்டு அட்லாண்டா வழிக்கே: முதலில் பஸ், பிறகு வரைபடம். பெரும்பான்மை வரம்பு மூன்றில் இரண்டு என்றால் மட்டும் லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பங்கு பிரிக்காமல் முடியாது.

1971இல் மறுத்த கிளேட்டனில் சொந்த பஸ் சேவை 2010இல் பணமில்லாமல் நின்றுபோனது. வேலைக்குப் போக வழியில்லாமல் நாலு வருடம் தவித்த அந்த கவுன்ட்டி, 2014இல் அதே ஒரு சதவீத வரிக்குப் பெருவாரியாகச் சம்மதித்தது. அடுத்த வருடமே அங்கே மறுபடி பஸ் ஓடியது.