பொய்ப் பெயர் குத்திய வில்லோடு 11 வருடம்

என் வயலின் வில்லில் 'டூர்ட்' என்று பெயர் குத்தியிருக்கிறது. டூர்ட் செய்த வில் இல்லை அது. வாங்கும்போதே தெரியும், விற்றவரும் மறைக்கவில்லை. லண்டனில் ஒரு பழைய வாத்தியக் கடையில் ஆறேழு வில்லை வாசித்துப் பார்த்து, கை விட மறுத்த ஒன்றை எடுத்து வந்தேன்.

பிரான்சுவா சேவியர் டூர்ட் பாரிஸ்காரர், 1835-இல் காலமானவர். கடிகார வேலை பழகிவிட்டு வில் தொழிலுக்கு வந்தவர். குச்சி, அதில் கட்டிய குதிரைமுடியை நோக்கி உள்வளைய வேண்டும், மரம் பிரேசிலின் பெர்னம்புகோவாக இருக்க வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் கையில் உருவான அமைப்பைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பார்கள். வில்லில் பெயர் குத்தும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. பிற்காலத்தில் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் ஊர்ப் பட்டறைகள்தான் ஏற்றுமதி வில்களில் அந்தப் பெயரைத் தாராளமாகக் குத்தித் தள்ளின. ஆக, பெயர் இருந்தாலே அது டூர்ட் இல்லை! என்னுடையதில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஜெர்மனி' என்றும் இருக்கிறது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. அதனால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையதாகத்தான் இருக்கும்.

அந்த ஊரை மட்டமாக நினைக்க வேண்டாம். பாரிஸில் புகழ்பெற்ற வயலின் தயாரிப்பாளர் வியோமிடம் வேலை கற்றுத் திரும்பிய பிரெட்ஷ்னர் அங்கேதான் பட்டறை போட்டார். அவர் பெயருள்ள நல்ல வில் என் பட்ஜெட்டில் இல்லை. பெக்காத், சார்த்தோரி போன்ற பிரெஞ்சுக்காரர்களின் வில்லுக்கு வீட்டை அடகு வைக்க வேண்டும்.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். எடை 59 கிராம். கர்நாடக சங்கீதத்தில் நீளமாக ஒரே வில் இழுப்பில் ராகம் வாசிக்கும்போது நுனிவரை சத்தம் மெலியாமல் வருகிறது. என் பழைய வில்லில் கடைசி நாலு விரற்கடை வெறும் காற்றுதான். வேகமான ஸ்வரங்களில் நடுவில்லில் தானாகவே துள்ளும். முதல் ஆறு மாதம் அந்தத் துள்ளலை அடக்கவே பாடுபட்டேன்.

தொல்லைகளும் உண்டு. ஒரு பட்டறையில் முடி மாற்றக் கொடுத்தேன். முடியைக் குட்டையாகக் கட்டிவிட்டார்கள். வில்லின் அடியில் முடியை இறுக்கும் திருகு ஒன்று உண்டு, அதை முழுக்கத் தளர்த்தினாலும் முடி தளரவில்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் முடி இன்னும் சுருங்க, குச்சி இரவு பகலாக இழுபட்டே கிடந்தது. நான் கவனிப்பதற்குள் நுனி லேசாக இடப்பக்கம் கோணிவிட்டது. வேறொருவர் விளக்குச் சூட்டில் வாட்டி நிமிர்த்தித் தந்தார். அந்த அரைமணி நேரமும் நான் கடைக்கு வெளியே நின்றேன், பார்க்கத் தைரியமில்லை. முடி மாற்றி வந்ததும் திருகைத் தளர்த்திப் பாருங்கள், முடி தொளதொளவென்று தொங்க வேண்டும்.

2020-இல் பெட்டியை மூன்று மாதம் திறக்கவில்லை. திறந்தபோது பாதி முடி அறுந்து கிடந்தது. ஒரு சின்னப் புழுவின் வேலை. இருட்டும் அசையாத பெட்டியும் அதற்குப் போதும். இப்போது வாசிக்காத வாரத்திலும் பெட்டியை வெயிலில் திறந்து வைக்கிறேன்.

பெர்னம்புகோ 2007-இல் சைட்டிஸ் பட்டியலில், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறியது. ஒரு காலத்தில் சிவப்புச் சாயத்துக்காக வெட்டிய மரம் இது. நம் பதிமுகத்துக்கு உறவு. 'பிரேசில்' என்பதே முதலில் பதிமுகச் சாயமரத்தின் பெயர்தான். அது அட்லாண்டிக் தாண்டி இந்த மரத்துக்கும், பிறகு ஒரு நாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. பழைய வில் வாங்கும்போது நுனித்தகடு யானைத்தந்தமா எலும்பா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தந்தம் என்றால் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். என்னுடையது எலும்பு.

திறந்தவெளிக் கச்சேரிக்குக் கார்பன் ஃபைபர் வில்தான் எடுத்துப் போகிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாசமும் இல்லை. போன மாதம் 'டூர்ட்' வில்லின் பிடியருகே வெள்ளிக் கம்பிச் சுற்று அவிழ ஆரம்பித்தது, கட்டைவிரல் ஊன்றி ஊன்றி அந்த இடமே தேய்ந்திருக்கிறது. வியாழக்கிழமை கடையில் கொடுக்கிறேன், முடியும் சேர்த்து மாற்ற.